நாலு வழி, ஒரே முழங்கால்: ரக்பி லீக் பையன் எங்கே கையெழுத்துப் போடலாம்?

வரிக் கணக்குக் காலம் வந்துவிட்டால் என் அலுவலகத்தில் இரண்டு வகை ஆட்கள் கூடுவார்கள். கடை, டாக்சி, ஐ.டி. என்று நம்மாட்கள் ஒரு பக்கம். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத இளைஞர்கள் இன்னொரு பக்கம். மேற்கு சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் கணக்காளராக இருந்தால் அப்படித்தான். மேஸ் ஹில் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்தால் சில நிமிடத்தில் பரமட்டா ஈல்ஸ் ரக்பி லீக் அணியின் மைதானம்.

இந்த இரண்டு பக்கமும் இப்போது கலக்க ஆரம்பித்திருக்கின்றன. போன வருடம் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் வந்து, பில்களை மேசையில் வைத்ததும் கேட்டார்: "அண்ணை, பெடியன் இருபத்தொன்றுக்கு உட்பட்ட டீமில ஆடுறான். மேனேஜர் இங்கிலாந்து எண்டு சொல்லுறார். யூனியன்காரரும் கேக்கினமாம். தகப்பன் படிப்பை விடக்கூடாது எண்டு நிக்கிறார். என்ன செய்யிறது?" அதற்கப்புறம் இதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: லீக், யூனியன் என்று அதில் இரண்டு தனித்தனி ஆட்டம் உண்டு. இந்தப் பையன்கள் ஆடுவது லீக்; அதன் பெரிய போட்டி ஆஸ்திரேலியாவில் என்.ஆர்.எல்., இங்கிலாந்தில் சூப்பர் லீக். மேனேஜர் என்பவர் ஆட்டக்காரருக்காக ஒப்பந்தம் பேசுபவர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நேத்தன் கிளியரி போன்ற என்.ஆர்.எல். நட்சத்திரத்துக்கு எழுதியதல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு வழி தானாகத் திறக்கும். 20 முதல் 24 வயதுக்குள், நன்றாக ஆடுகிற, ஆனால் அவன் இல்லாவிட்டாலும் கிளப் நின்றுவிடாத பையனுக்கான கணக்கு இது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது ஆண்டுச் சம்பளம். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது அந்தச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு உறுதி, கொடுப்பவர் அதுவரை கடை திறந்து வைத்திருப்பாரா என்பதை. இரண்டாவது உடம்பு: என்ன தேய்கிறது, தேய்ந்தால் யார் செலவு செய்வார்கள்? மூன்றாவது, சரிப்பட்டு வராவிட்டால் திரும்பி வர முடியுமா? நான்காவது, 30 வயதில் ஆட்டம் முடியும்போது கையில் வேறு என்ன தொழில் இருக்கும்?

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை. ஆனால் விஷயம் அட்டவணைக்குக் கீழேதான் இருக்கிறது.

| | என்.ஆர்.எல். | ரக்பி யூனியன் | இங்கிலாந்து சூப்பர் லீக் | வேலையோடு இரண்டாம் நிலை ஆட்டம் |
|---|---|---|---|---|
| பணம் | குறைந்தபட்சமே நல்ல தொகை | சிலருக்கு மிகப் பெரிது, பலருக்குச் சுமார் | நடுத்தரம் | ஆட்டத்தில் சொற்பம், வேலையில் நிலையானது |
| பணத்தின் உறுதி | ஒப்பந்தம் உள்ளவரை கெட்டி | நாட்டையும் கிளப்பையும் பொறுத்தது | கிளப்பைப் பொறுத்தது, விசாரிக்காமல் போகக்கூடாது | முதலாளியைப் பொறுத்தது |
| உடம்பு | தேய்மானம் அதிகம், மருத்துவக் கவனிப்பும் அதிகம் | வேறு வகைத் தேய்மானம் | ஏறக்குறைய என்.ஆர்.எல். போல | தேய்மானம் உண்டு, கவனிப்பு குறைவு |
| திரும்பும் வழி | பொருந்தாது | ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கிறது | நன்றாக ஆடினால் உண்டு | மேலே போகும் வழி குறுகலானது, ஆனால் அடைபடவில்லை |
| அப்புறம் தொழில் | நேரம் ஒதுக்கினால் உண்டு | அதே | தூரத்தால் கஷ்டம் | ஏற்கனவே கையில் |

## இங்கேயே இருப்பது: என்.ஆர்.எல்.

17 அணிகள், அணிக்கு 30 பேர் கொண்ட முதன்மைப் பட்டியல். பெருக்கினால் 510 நாற்காலி. 2027இல் பெர்த் பேர்ஸ், 2028இல் பப்புவா நியூ கினி அணி என்று இரண்டு அணிகள் சேரவிருப்பதால் இன்னும் 60. இப்போது 20 வயதில் இருப்பவனுக்கு இது நல்ல நேரம். அணி கூடும்போது நட்சத்திரங்களைவிட இந்த நடுத்தர ஆட்களுக்குத்தான் லாபம்.

முதன்மைப் பட்டியலில் இருப்பவருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2023இல் 1,20,000 ஆஸ்திரேலிய டாலர். 2027இல் அது 1,50,000 ஆகும் என்று ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட உடன்படிக்கை சொல்கிறது. அதனால் மேனேஜர் "என்.ஆர்.எல். ஒப்பந்தம்" என்று சொன்னால், முதன்மைப் பட்டியலா, அதற்குக் கீழே இருக்கும் வளர்ச்சிப் பட்டியலா என்று கேளுங்கள். பெயர் ஒன்றுதான், பணம் வேறு.

1,50,000 டாலரில் வரி சுமார் 40,000 போகும். மேனேஜர் பங்கு தனி. ஓய்வூதியக் கணக்கில் சேர்வதை 60 வயதுவரை தொட முடியாது. ஒரு சின்னச் சலுகை உண்டு, நம்மாட்கள் பலருக்குத் தெரியாது: விளையாட்டு வீரர், எழுத்தாளர் போன்ற சில தொழில்களுக்கு வருமானத்தைச் சில ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டு வரி போடும் ஏற்பாடு. திடீரென்று சம்பளம் ஏறிய ஆண்டில் கணிசமாக மிச்சமாகும். உங்கள் கணக்காளருக்கு இது தெரியாவிட்டால் கணக்காளரை மாற்றுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வங்கியில் ஆரம்பிக்கிறது. 22 வயதில் ஆறு இலக்கச் சம்பளம் காட்டினால் வீட்டுக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. கடன் 30 ஆண்டுக்கு, ஒப்பந்தம் ஒரு ஆண்டுக்கு. இந்த நடுத்தர ஆட்களுக்குக் கிளப்புகள் நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்கும். கடைசி ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர், அந்த ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய நவம்பர் 1 முதல் மற்ற கிளப்புகளோடு பேசலாம். அன்றைக்கு யாருடைய போன் அடிக்கவில்லையோ அவருடைய வீட்டில் அந்தக் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உடம்பு. ஒரு சீசனில் ஓர் அணிக்கு 24 ஆட்டம், அதற்கு மேல் இறுதிச் சுற்றுகள். நடுவில் மோதி ஆடும் கனத்த ஆளான ஃபார்வர்ட், ஒரு ஆட்டத்தில் 40 டாக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) செய்வது சாதாரணம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது 11 நாள் ஆடக்கூடாது என்ற விதி 2023இல் வந்தது. நல்ல விதி. ஆனால் 11 நாளில் எல்லாம் தீர்ந்துவிடாது. சிட்னி ரூஸ்டர்ஸ் அணித் தலைவர் பாய்ட் கார்ட்னர் தொடர்ந்த தலை அடிகளால் 2021இல், 29 வயதில் ஓய்வு பெற்றார். நியூகாசிலின் அலெக்ஸ் மெக்கின்னன் 2014இல் ஒரு டாக்கிளில் கழுத்து முறிந்து சக்கர நாற்காலிக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 22.

இங்கே பெற்றோர் யாருமே எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் கட்டடத் தொழிலாளி வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பாதுகாக்கும். சம்பளத்துக்கு விளையாடுபவரை, விளையாடும்போதும் பயிற்சியின்போதும், அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. அவருக்கு உள்ளது ஒப்பந்தத்தில் எழுதியதும், தனியாக எடுத்த காப்பீடும்தான். ஒரு பையன் ஒப்பந்தத்தோடு வந்தால் நான் முதலில் சம்பளப் பக்கத்தைத் திருப்ப மாட்டேன். காயம்பட்டால் என்ன என்ற பக்கத்தைத்தான் திருப்புவேன்.

முதன்மைப் பட்டியலில் இரண்டு ஆண்டு கொடுத்தால் யோசிக்காமல் இருங்கள் என்பேன். ஓராண்டு என்றால், வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கோ பயிற்சி வேலைக்கோ விடுவார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

## யூனியன் பக்கம் தாவுவது

அதிகம் கனவு காணப்படுவதும், அதிகம் தப்பாகக் கணக்குப் போடப்படுவதும் இந்த வழிதான்.

ஜோசஃப் சுவாலியி பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ரூஸ்டர்ஸில் இருந்து யூனியனுக்குப் போனார். ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் டாலர் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2024 நவம்பரில் லண்டன் ட்விக்கனாமில் நாட்டு அணிக்கு முதல் ஆட்டம். ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 42-37 என்று வென்றது. அதைப் பார்த்த ஒவ்வொரு அப்பாவும் தன் மகனைப் பார்த்திருப்பார். சுவாலியி பரமட்டா பக்கத்தில் கிங்ஸ் பள்ளியில் யூனியன் ஆடி வளர்ந்தவர் என்பதை மறந்துவிடுகிறோம். தெரிந்த வீட்டுக்குத்தான் அவர் திரும்பிப் போனார்.

தெரியாத வீட்டுக்குப் போனவர்களைப் பாருங்கள். சாம் பர்ஜஸ் 2014 என்.ஆர்.எல். இறுதி ஆட்டத்தில் கன்ன எலும்பு உடைந்த நிலையில் சவுத் சிட்னிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். உடனே இங்கிலாந்து யூனியனுக்குப் போனார். பாத் கிளப் அவரை ஃபார்வர்டாக ஆட வைத்தது, நாட்டு அணி பந்தோடு ஓடும் பின்வரிசையில் நிறுத்தியது. ஒரே ஆண்டில் உலகக் கோப்பையும் ஏமாற்றமும் முடிந்து சவுத் சிட்னிக்கே திரும்பிவிட்டார். பென்ஜி மார்ஷல், லீக்கில் பந்தோடு வித்தை காட்டியவர், ஆக்லாந்து ப்ளூஸ் யூனியன் அணியில் 2014இல் ஆடியது ஆறே ஆட்டம். ரோஜர் டுய்வாசா-ஷெக் நியூசிலாந்து யூனியன் அணிக்கே ஆடியும் 2024இல் என்.ஆர்.எல்.லின் வாரியர்ஸ் அணிக்குத் திரும்பினார். மூவருக்கும் திரும்பி வர இடம் இருந்தது, ஏனென்றால் அவர்கள் அவர்கள்தான். உங்கள் பையனுக்கு அந்த இடத்தை யாரும் காலியாக வைத்திருக்க மாட்டார்கள்.

எந்த இடத்தில் ஆடுகிறான் என்பது இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்யும். விங், ஃபுல்பேக், சென்டர் போன்ற பின்வரிசை இடங்கள் என்றால் பாதித் திறமை அப்படியே செல்லும்: ஓட்டம், உயரப் பந்து பிடிப்பது, ஆளை ஏமாற்றுவது. ஃபார்வர்ட் என்றால் கிட்டத்தட்ட புதிதாகப் படிக்க வேண்டும். இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டும் ஸ்க்ரம் லீக்கில் ஒரு சடங்கு. யூனியனில் அது எட்டுப் பேர் முதுகெலும்பை அடகு வைக்கும் வேலை. எல்லைக்கோட்டில் இருந்து எறியும் பந்துக்கு எகிறும் லைன்அவுட் லீக்கில் இல்லவே இல்லை. லீக்கில் டாக்கிள் முடிந்ததும் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் உருட்டிவிடலாம். யூனியனில் அந்த நொடியில்தான் ரக் என்ற தள்ளுமுள்ளு ஆரம்பிக்கும்.

பணம் எங்கே என்றால், ஆஸ்திரேலியாவைவிட பிரான்சிலும் ஜப்பானிலும்தான். ஜப்பானில் அணிகளுக்குப் பின்னால் டொயோட்டா, சன்டோரி போன்ற கம்பெனிகள் நிற்கின்றன. சம்பளம் தேதி தவறாது. ஆனால் வெளிநாட்டவர் எத்தனை பேர் என்ற வரம்பு உண்டு, பெயர் இல்லாதவரை அந்த இடத்தில் வைக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலேயே மெல்பர்ன் ரெபல்ஸ் என்ற யூனியன் அணி 2024 சீசனோடு மூடப்பட்டது.

மறைந்த செலவுக்கு எங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. பரமட்டாவின் சாக் லோமாக்ஸ் 2028வரை ஒப்பந்தம் இருந்தும் 2025 இறுதியில் விடுவித்துக்கொண்டார். ஆர்360 என்ற புதிய யூனியன் போட்டிக்குப் போகத்தான் என்று எல்லோரும் பேசினார்கள். அந்தப் போட்டி 2028க்குத் தள்ளிப்போனது. பரமட்டாவின் சம்மதம் இல்லாமல் வேறு என்.ஆர்.எல். அணிக்குப் போகக்கூடாது என்று விடுவிப்புப் பத்திரத்தில் இருந்தது. மெல்பர்ன் ஸ்டார்ம் என்ற என்.ஆர்.எல். அணியின் பேச்சு வந்ததும் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. மாநில அணிக்கு ஆடிய ஆளுக்கே இந்த நிலை. ஈல்ஸ் ரசிகனாக எனக்குக் கோபம் உண்டு, அதை விடுங்கள். கணக்காளனாக நான் சொல்வது: வெளியே போகும் பத்திரத்தை, உள்ளே வரும் ஒப்பந்தத்தைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பள்ளியில் யூனியன் ஆடிய, வேகமான பின்வரிசைப் பையனுக்கு, குறைந்தது இரண்டு ஆண்டு எழுத்தில் இருந்தால், இது நல்ல வழி. 2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில் நடப்பதால் இப்போது கேட்பார்கள். ஃபார்வர்ட் பையனுக்கு வேண்டாம்.

## இங்கிலாந்து: எம்62 சாலை ஓரம்

ஹல் நகரத்தில் இருந்து செயிண்ட் ஹெலன்ஸ் வரை எம்62 நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கோடு போட்டால் சூப்பர் லீக்கின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். பனி, மழை, செங்கல் வீடுகள், சனிக்கிழமை பைத்தியம். 2026 முதல் 14 அணிகள். அணிச் சம்பள உச்சவரம்பு 21 லட்சம் பவுண்ட் அளவில் இருக்கிறது. என்.ஆர்.எல். அணியின் உச்சவரம்பு 2023இலேயே சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர். மாற்றிப் பார்த்தால் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான்.

அப்புறம் ஏன் போகிறார்கள்? ஆடுவதற்கு. பெவன் ஃபிரெஞ்ச் எங்கள் பரமட்டா பையன். இங்கே இடம் நிலைக்கவில்லை, 2019இல் விகனுக்குப் போனார். 2023இல் அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான மேன் ஆஃப் ஸ்டீல் விருது வாங்கினார். ஜாக்சன் ஹேஸ்டிங்ஸ் மேன்லி என்ற என்.ஆர்.எல். அணியில் சக ஆட்டக்காரர்களோடு ஒத்துப்போகாமல் ஒதுக்கப்பட்டார். சால்ஃபோர்ட் போய் 2019இல் அதே விருதை வாங்கி, 2022இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் வழியாக என்.ஆர்.எல்.லுக்குத் திரும்பினார். திரும்பும் கதவு இங்கே யூனியனைவிட அகலம், ஆட்டம் ஒன்றே என்பதால்.

ஆனால் கிளப்பின் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் போகாதீர்கள். நான்கு முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற பிராட்ஃபோர்ட் புல்ஸ் 2017 ஜனவரியில் கடனில் கலைக்கப்பட்டது. கனடாவின் டொரன்டோ வுல்ஃப்பேக் ரக்பி நட்சத்திரம் சோனி பில் வில்லியம்ஸைக் கொண்டுவந்து 2020இல் ஆர்ப்பாட்டமாக நுழைந்தது, அந்த ஜூலையிலேயே விலகியது, ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். சால்ஃபோர்ட் 2025 முதல் ஆட்டத்திலேயே, செலவுக் கட்டுப்பாட்டால் இளம் பையன்களை இறக்கி, செயிண்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றது. சம்பளம் தாமதமாகி, அந்த டிசம்பரில் கிளப் கலைப்புக்குப் போனது. வேலை விசா கிளப்போடு கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்.ஆர்.எல்.லில் ஒரு ஆட்டமும் ஆடாத 20 வயதுப் பையனுக்கு வெளிநாட்டவருக்கான இடத்தைக் கொடுக்க எந்தக் கிளப்பும் ஆசைப்படாது. மேனேஜர் அப்படிச் சொன்னால், கேட்டது சூப்பர் லீக் கிளப்பா, அதற்குக் கீழ்ப் பிரிவா என்று கேளுங்கள். 24 வயதில், 20, 30 என்.ஆர்.எல். ஆட்டம் முடித்து, இங்கே பெஞ்சில் காலம் போகிறவனுக்கு நல்ல இடம்.

## வேலையும் ஆட்டமும்

தகப்பன்மார்களுக்குப் பிடித்த வழி, பையன்களுக்குத் தோல்வியாகத் தெரிகிற வழி. என்.ஆர்.எல்.லுக்கு அடுத்த நிலையான நியூ சவுத் வேல்ஸ் கோப்பையில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், பள்ளி ஆசிரியர் என்று வேலை பார்த்துக்கொண்டே ஆடுபவர்கள் இருக்கிறார்கள். மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். பெரும்பாலான அணிகள் ஏதாவது ஒரு என்.ஆர்.எல். கிளப்போடு இணைந்தவை. மேலே இருவருக்குக் கால் மடங்கினால் கீழே இருந்துதான் கூப்பிடுவார்கள்.

இது தோல்வி என்று நினைக்கும் பையன்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. ரக்பி லீக் பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டால் கூலி போகும். அந்தக் கூலியைக் கிளப் கொடுக்கலாமா என்று கேட்டார்கள், தலைமைச் சங்கம் முடியாது என்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஓட்டலில் கூடிப் பிரிந்துவிட்டார்கள். இழந்த வேலைக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை. 1898இல் முழுச் சம்பளமும் அனுமதித்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: வேறு உண்மையான தொழில் இருப்பவர்தான் ஆடலாம். மதுக்கடையில் பரிமாறுவது தொழிலாகக் கணக்கில் வரவில்லை. சில ஆண்டுகளில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள் என்றாலும், படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அச்சு அசல் நம்ம ஊர் அப்பாக்கள்.

இதிலும் மறைந்த செலவு உண்டு, அதைத் தகப்பன்மாரிடம் சொன்னால் முகம் மாறும். டாக்கிள் ஏறக்குறைய அதே வேகம், மருத்துவக் குழு அதே அளவு இல்லை. ஸ்கேன், பிசியோ செலவில் ஒரு பகுதி சொந்தப் பையில் இருந்து போகலாம். தோள் நழுவினால் எலக்ட்ரீஷியனால் ஏணி ஏற முடியாது, ஆக ஒரே காயத்தில் இரண்டு வருமானமும் நிற்கும். வருமானப் பாதுகாப்புக் காப்பீடு எடுத்தால், ரக்பி ஆடுகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும். மறைத்துவிட்டு அப்புறம் என்னிடம் வராதீர்கள். அப்படி வந்த ஒருவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

பட்டியலில் இடம் கிடைக்காத 20, 21 வயதுப் பையனுக்கு, இரண்டு ஆண்டு என்று காலக்கெடு வைத்து இந்த வழி. பொறியியல் பட்டமோ மின்வேலைப் பயிற்சியோ, எது மாலைப் பயிற்சிக்கு இடம் விடுகிறதோ அது.

அந்த யாழ்ப்பாணத்துத் தாயின் மகன் இந்த நாலாவது வழியில்தான் போனான். எலக்ட்ரீஷியன் பயிற்சி, மாலையில் ஆட்டம். பட்டப்படிப்பு இல்லையே என்று தகப்பன் இன்னும் முறைப்பாக இருக்கிறாராம். போன மாதம் தாய் போன் பண்ணினார். சனிக்கிழமை ஆட்டத்தில் தோளில் அடி, திங்கள் வேலைக்குப் போகவில்லை, முதலாளி ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்.

"அண்ணை, அந்தக் காசை வரியில கழிக்கேலாதோ?"

"தங்கச்சி, வராத கூலிக்கு வரியே இல்லை. எதில இருந்து கழிக்கிறது?" என்றேன். பிசியோ ரசீதை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னேன், காப்பீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.